வண்டி ஓடம் ஏறிய கதை

வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம் பெரியவர்கள் சொல்லும்போது, வண்டியும் ஓடமும் அவர்கள் மனத்தில் இருப்பதில்லை. இன்று சுமக்கிறவன் நாளை சுமக்கப்படுவான் என்ற வாழ்க்கையின் ஏற்ற இறக்கமே அவர்கள் மனத்தில் இருக்கிறது. ஆயினும் அந்தப் பழமொழியின் முற்பாதியை எழுத்துக்கு எழுத்து மெய்யாக்கி, அதை ஒரு சட்டப் பிரிவாகவும், துறைமுகங்களின் நித்திய வழக்கமாகவும், எண்ணற்ற குடும்பங்களின் இளமை நினைவாகவும் ஆக்கிவிட்ட தேசம் ஒன்று உண்டு. கடல் கடந்த பாசறைக்கு மாற்றலாகிப் போகும் சிப்பாய் தன் சொந்த மோட்டார் காரையும் சர்க்கார் செலவிலேயே கப்பலேற்றிக் கொண்டு போகலாம் என்பது அமெரிக்க ராணுவத்தில் இன்று எவரும் புருவம் உயர்த்தாத சாதாரண உரிமை.

சற்று நின்று யோசித்தால் இது எவ்வளவு விசித்திரமான உரிமை என்பது விளங்கும். படைகள் எக்காலத்திலும் மூட்டை முடிச்சுகளோடுதான் போயிருக்கின்றன. ஆனால் அந்த மூட்டைகளில் இருந்தவை ஆயுதமும் உணவும் கூடாரமுமே. வீட்டு வாசலில் நின்ற வண்டியை, குழந்தைகள் பள்ளிக்கும் மனைவி கடைத்தெருவுக்கும் போய்வந்த அதே வண்டியை, ஒரு சமுத்திரத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பது யுத்தத்தின் காரியமன்று; குடித்தனத்தின் காரியம். ஒரு சேனை அந்நிய மண்ணில் எத்தனை நாள் தங்க நினைக்கிறது என்பதை அதன் தளபதிகளின் பிரசங்கங்களிலிருந்து அறிவதைக் காட்டிலும், அது தன்னோடு எவற்றை ஏற்றி வருகிறது என்று பார்த்து அறிவது எளிது என்பதே இந்தச் சரித்திரத்தைப் புரட்டுகிற எனக்குத் தோன்றும் அபிப்பிராயம்.

கதை காரிலிருந்து தொடங்கவில்லை, குதிரையிலிருந்து தொடங்குகிறது. கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலைக் காலம் தொட்டே கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு அது புதிதன்று. 1898-ஆம் ஆண்டு ஸ்பெயினோடு மூண்ட யுத்தத்தில் கியூபாவுக்குப் புறப்பட்ட அமெரிக்கப் படைகள் ஃபுளோரிடாவின் டாம்பா துறைமுகத்தில் கூடியபோது, கப்பல்களில் இடம் போதவில்லை. 'முரட்டுச் சவாரிக்காரர்கள்' என்று பெயர் பெற்ற தன்னார்வக் குதிரைப்படையின் பன்னிரண்டு அணிகளில் எட்டுக்குத்தான் கப்பலில் இடம் கிடைத்தது. அந்த எட்டு அணிகளின் வீரர்களும் தங்கள் குதிரைகளைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கால்நடையாகப் போரிடும் நிர்ப்பந்தத்துக்கு ஆளானார்கள். உத்தியோகஸ்தர்களின் குதிரைகள் மட்டும் கப்பலேறின. அவர்களில் ஒருவரான தியடோர் ரூஸ்வெல்ட், பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியானவர், இரண்டு குதிரைகளைக் கொண்டு சென்றார்.

ஜூன் 22-ஆம் தேதி தைக்கிரி என்ற கடற்கரைச் சிற்றூரில் படை இறங்கியது. குதிரைகளை இறக்கத் துறையும் இல்லை, தகுந்த படகுகளும் இல்லை; ஆகவே அவற்றைக் கடலில் இறக்கி, நீந்திக் கரை சேரட்டும் என்று விட்டார்கள். ரூஸ்வெல்ட்டின் குதிரைகளுள் ஒன்றைக் கச்சையில் கட்டித் தொங்கவிட்டு இறக்கும்போதே பேரலை ஒன்று வந்து மூடியது. கச்சையிலிருந்து விடுபடுமுன்பே அது மூச்சுத் திணறி இறந்தது. 'லிட்டில் டெக்ஸஸ்' என்ற மற்றொன்று கரை சேர்ந்தது. ஜூலை முதல் தேதி கெட்டில் குன்றின்மீது அவரைச் சுமந்து ஏறியது அதுதான். திசை தெரியாமல் ஆழ்கடலை நோக்கி நீந்திக்கொண்டிருந்த சில குதிரைகள், கரையில் ஒருவன் படைக் கொம்பை எடுத்து ஊதக் கேட்டதும் பழக்கத்தால் திரும்பிக் கரைக்கு வந்தன என்றும் சொல்வார்கள். சொந்த வாகனத்தோடு கடல் கடக்கும் வழக்கத்தின் தொடக்கம் இவ்வளவு துயரமும் வேடிக்கையும் கலந்ததாக இருந்தது.

அந்தக் குதிரையை உத்தியோகஸ்தரின் உடைமையாகவே சர்க்கார் கருதிவந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. 1908-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, குதிரையேறிப் பணிபுரிய வேண்டிய மேஜர் பதவிக்குக் கீழ்ப்பட்ட உத்தியோகஸ்தர் தம் சொந்தச் செலவில் ஒரு குதிரை வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 150 டாலரும், இரண்டு வைத்துக்கொண்டால் 200 டாலரும் சம்பளத்தோடு கூட்டித் தரப்படும் என்று விதித்தது. குதிரை சொந்தம், அதன் பயன் பொது. இந்த இரட்டை நிலை நீடித்தவரை வாகனத்தை ஏற்றிச் செல்லும் செலவு யாருடையது என்ற கேள்வி எவரையும் உறுத்தவில்லை. லாயத்திலிருந்த குதிரை போய் அதே இடத்தில் மோட்டார் கார் வந்து நின்றபோதுதான் கேள்வி எழுந்தது. ஏனெனில் குதிரையின்மேல் ஏறி உத்தியோகஸ்தர் அணிவகுப்புக்குப் போனார். காரிலேறி மனைவியோடு விருந்துக்குப் போனார். முன்னது கடமை, பின்னது சௌகரியம் என்று கணக்கர்கள் கோடு கிழித்தார்கள்.

பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1932-ஆம் ஆண்டு, ஜூன் 30 அன்று நிறைவேறிய சிக்கனச் சட்டம் அந்தக் கோட்டை இன்னும் ஆழமாகக் கிழித்தது. உத்தியோகஸ்தர், ஊழியர், பிறர் ஆகியோரின் உடைமைகளைச் சர்க்கார் செலவில் கொண்டு செல்ல அனுமதிக்கும் எந்தச் சட்டத்தையும் விதியையும், மோட்டார் காரைக் கொண்டு செல்லவும் அனுமதிப்பதாக இனி வியாக்கியானம் செய்யலாகாது என்று அது தீர்த்துச் சொன்னது. நாற்காலி போகலாம், பியானோ போகலாம், கார் போகலாகாது. அக்காலத்து அமெரிக்க ராணுவம் சிறியது. ஹவாய், பனாமா, பிலிப்பைன்ஸ் ஆகிய சில இடங்களைத் தவிர அதற்குக் கடல் கடந்து நிலையான வாசம் என்று அதிகம் இல்லை. உலகத்தின் வம்பு நமக்கு வேண்டாம் என்று அந்தத் தேசம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம் அது. சட்டமும் அந்த மனநிலைக்கு ஒத்ததாகவே இருந்தது.

அந்தக் கதவை உடைத்துத் திறந்தது இரண்டாவது உலக யுத்தம். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நிறுத்தப்பட்டு, கார் கட்டிய தொழிற்சாலைகள் டாங்கியும் விமானமும் கட்டத் தொடங்கின. யுத்தம் முடிந்த 1945-இல் வெற்றிபெற்ற நேச நாடுகள் ஜெர்மனியைப் பங்கிட்டுக்கொண்டபோது, அமெரிக்கருக்குத் தெற்கே பவேரியாவும் ஹெஸ்ஸெயும் அவற்றை அடுத்த நிலமும் கிடைத்தன. காடும் மலையும் பழைய நகரங்களும் நிறைந்த அழகிய பிரதேசம். ஆனால் அதற்குக் கடல் இல்லை. வட கடலின் கரையெல்லாம் பிரிட்டிஷாரின் பங்கில் இருந்தது. கடல் இல்லாமல் ஒரு சேனைக்குச் சோறு இல்லை. ஆகையால் பிரிட்டிஷ் பிரதேசத்தின் நடுவே பிரேமனையும், வேசர் நதி கடலோடு கலக்குமிடத்திலுள்ள பிரேமர்ஹாஃபனையும் அமெரிக்கர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நம்முடைய கதையின் மையமான ஸ்தலம் அந்தப் பிரேமர்ஹாஃபன்தான்.

அவ்வூர் 1827-இல் பிரேமன் நகரத் தலைவர் யோஹான் ஸ்மிட் வாங்கிய நிலத்தில் துறைமுகத்துக்கென்றே பிறந்த ஊர். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர், ஒரு மரப்பெட்டியும் ஒரு கனவுமாக, அந்தத் துறையிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். நியூயார்க்கின் புறநகர் என்று அதை வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். 1944 செப்டம்பர் 18-ஆம் தேதி இரவில் பிரிட்டிஷ் விமானங்கள் அந்நகரத்தின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கின. துறைமுகமோ பெரும்பாலும் தப்பியது. வீடுகள் எரிந்து, கப்பல் துறை எஞ்சி நின்ற அந்த ஊருக்குத்தான், ஒன்றரை ஆண்டு கழித்து, 1946 ஏப்ரலில், அமெரிக்கச் சிப்பாய்களின் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு முதற்கப்பல் வந்து சேர்ந்தது.

அந்த நாளை அரசியல் சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் கடந்துபோவார்கள். ஆனால் ஆக்கிரமிப்புப் படை என்ற சொல்லின் பொருள் மாறத் தொடங்கியது அன்றுதான். மனைவி வந்தபின் வீடு வேண்டும். குழந்தை வந்தபின் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூடமும் கடையும் வைத்தியசாலையும் ஆளுக்கொரு மூலையில் இருக்கும்போது போய்வர வண்டி வேண்டும். இடிந்த ஜெர்மனியில் வண்டிக்கு எங்கே போவது? வோல்ஃப்ஸ்பர்க்கில் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜரின் மேற்பார்வையில் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை மெல்ல உயிர்பெற்று, 1946 அக்டோபரில் 10,000-மாவது வண்டியை வெளியே அனுப்பியது என்பது உண்மை; ஆனால் அவை பிரதானமாக ஆக்கிரமிப்பு நிர்வாகங்களுக்கும் ஜெர்மானியத் தபால் இலாகாவுக்கும் போயின. தனிப்பட்ட குடும்பத்துக்கு வண்டி வேண்டுமானால் அது ஊரிலிருந்து வரவேண்டும். இப்படியாகக் குடும்பங்களைத் தொடர்ந்து கார்களும் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின.

அக்காலத்தில் ஒரு கார் கப்பலிலிருந்து இறங்கும் காட்சியைக் கற்பனைக் கண்ணால் பார்ப்போம். சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள், மாவு மூட்டைக்கும் மரப்பெட்டிக்கும் இடையில், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கயிறும் சங்கிலியும் இட்டுக் கட்டி வைத்த வண்டி அது. துறைமுகக் கூலிகள் இறங்கிக் கட்டுகளை அவிழ்த்து, நான்கு சக்கரங்களின் அடியிலும் வலைத் தொட்டில்களைச் செருகி, மேலே ஒரு சட்டத்தில் அவற்றை மாட்டி, கையைச் சுழற்றிச் சைகை காட்டுகிறார்கள். பாரந்தூக்கி முனகுகிறது. டெட்ராய்ட்டில் பிறந்து, ஏதோ ஒரு சிற்றூரின் மரநிழலில் நின்றிருந்த அந்த வண்டி, வட கடலின் சாம்பல் நிற ஆகாயத்தில், கால்களை மடக்கத் தெரியாத மாட்டைப்போல் மெல்லச் சுழன்று தொங்குகிறது. கீழே அதன் சொந்தக்காரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். தெற்கே நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பாசறையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்தவன். சக்கரம் கல்தளத்தைத் தொட்டதும் அவன் செய்யும் முதற்காரியம் அதைச் சுற்றி வந்து கீறலும் ஒடுக்கும் பார்ப்பது. இரண்டாவது காரியம் பாட்டரியில் உயிர் இருக்கிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்ப்பது. எஞ்சின் இருமி எழுந்துவிட்டால் அந்த முகத்தில் ஒரு மலர்ச்சி. அதன்பின் அந்நியமான பாதை விளக்கங்களைப் படித்துக்கொண்டு தெற்கு நோக்கி நாள் முழுதும் பயணம்.

இந்தப் பெரிய வண்டிகள் ஜெர்மானியரின் கற்பனையை வெகுவாகக் கவர்ந்தன. நடுக்காலத்து நகரங்களின் வண்டிப்பாதைகளில், இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களையும் ஒரே சமயத்தில் உரசிவிடும்போல், குரோமியப் பற்களைக் காட்டிக்கொண்டு அவை வந்தன. 'ஸ்ட்ராசன்குரோய்சர்', அதாவது 'வீதியில் ஓடும் போர்க்கப்பல்', என்று ஜெர்மானியர் அவற்றுக்குப் பெயரிட்டார்கள். கப்பலில் வந்த வண்டிக்குக் கப்பலின் பெயரே வாய்த்தது எவ்வளவு பொருத்தம்! கைஸர்ஸ்லௌட்டர்ன் போன்ற ஊர்களில், சைக்கிளுக்கே வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் அந்த வண்டிகளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தோற்றவன் வெற்றிபெற்றவனை அறிந்தது பீரங்கியால் பாதி என்றால், மறுபாதி இந்தப் பளபளப்பால்.

எதிர்த்திசையிலும் ஒரு போக்கு விரைவில் தோன்றியது. சிறிய, சிக்கனமான, பின்புறம் எஞ்சின் வைத்த ஃபோக்ஸ்வாகனை ஜெர்மனியில் வாங்கிப் பழகிய சிப்பாய்கள் திரும்பும்போது அதையே ஊருக்குக் கொண்டு போனார்கள். இன்னும் ருசி மிகுந்தவர்கள் வேறு வண்டிகளை நாடினார்கள். 1958 அக்டோபர் முதல் தேதி 'ஜெனரல் ராண்டல்' என்ற துருப்புக் கப்பலில் பிரேமர்ஹாஃபனில் வந்திறங்கிய பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, ஃப்ரீட்பர்க் பாசறையில் சாதாரணச் சிப்பாயாகப் பணிபுரிந்த காலத்தில் வெள்ளை நிற பி.எம்.டபிள்யூ. 507 ஒன்றை வைத்திருந்தார். அபிமானிகளான பெண்கள் உதட்டுச் சாயத்தால் அதன்மேல் எழுதிவிட்டுப் போவதைப் பொறுக்கமாட்டாமல், சாயம் தெரியாதபடி வண்டிக்கே சிவப்பு வர்ணம் பூசச் செய்தார் என்பது பிரசித்தமான கதை. பிற்காலத்தில் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட அவ்வண்டி, மியூனிக்கில் புதுப்பிக்கப்பட்டு, மீண்டும் வெள்ளை நிறம் பெற்று, 2016-இல் கலிஃபோர்னியாவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அட்லாண்டிக்கை இத்தனை முறை கடந்த வண்டிகள் சிலவே இருக்கும்.

சிப்பாய் வாங்கும் ஒவ்வொரு வெளிநாட்டு வண்டியும் அமெரிக்கக் கஜானாவிலிருந்து கொஞ்சம் பொன்னைக் கரைத்தது என்பதை அக்காலத்தில் நேரடிப் பொருளிலேயே சொல்லலாம். வெளிநாட்டு அரசாங்கங்களின் கையில் சேர்ந்த டாலரை ஓர் அவுன்ஸுக்கு 35 டாலர் வீதம் தங்கமாக மாற்றித் தருவதாக அமெரிக்கா வாக்களித்திருந்தது. தங்கம் கரைவதைக் கண்டு அஞ்சிய ஜனாதிபதி ஐசன்ஹவர் 1960 நவம்பரில், கடல் கடந்த சிப்பாய் குடும்பங்களின் எண்ணிக்கையையே குறைக்க உத்தரவிட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பதவியேற்ற கென்னடி அதை ரத்து செய்தார். குடும்பங்கள் தப்பின, வெளிநாட்டுக் கார்கள் தப்பவில்லை. வெளிநாட்டில் வாங்கிய அந்நிய வண்டியைச் சர்க்கார் செலவில் ஊருக்கு அனுப்பும் சலுகைக்கு அந்த ஆண்டுகளில் தடை வந்தது. மனைவியைப் பிரிப்பது முடியாத காரியம் என்று ஒரு பேரரசு தெரிந்துகொண்டு, மனைவிக்கு வாங்கித் தந்த வண்டியோடு திருப்தியடைந்தது!

இதற்குள் கப்பலும் மாறிவிட்டது. பாரந்தூக்கியில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடும் பழைய முறைக்குப் பதிலாக, வண்டி தன் சக்கரத்தாலேயே கப்பலுக்குள் ஏறித் தன் சக்கரத்தாலேயே இறங்கும் உபாயத்தை யுத்தம் கற்றுக் கொடுத்திருந்தது. நார்மண்டிக் கரையில் முகப்புக் கதவைத் திறந்து டாங்கிகளைக் கக்கிய தரையிறங்கு கப்பல்களில் மூன்றை, யுத்தம் முடிந்ததும், ஃபிராங்க் பஸ்டார்டு என்ற ஆங்கிலேயர் குத்தகைக்கு எடுத்தார். அவற்றுள் ஒன்றான 'எம்பயர் பால்டிக்' 1946 செப்டம்பரில் டில்பரியிலிருந்து ராட்டர்டாமுக்கு லாரிகளை ஏற்றிச் சென்று, சமாதான காலத்துக்கும் அந்த உபாயம் உதவும் என்று காட்டியது. அமெரிக்க ராணுவக் கடற்போக்குவரத்துச் சேவை, பென்சில்வேனியா மாநிலத்துச் செஸ்டர் நகரில் கட்டுவித்த 'காமெட்' என்ற கப்பல் 1958-இல் பணியில் சேர்ந்தது; பின்புறத்திலும் பக்கங்களிலும் சாய்தளங்கள் வைத்து, நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசையாக ஓடி ஏறும்படி தொடக்கத்திலேயே திட்டமிட்டு அந்நாட்டு ராணுவத்துக்கெனக் கட்டிய முதற்கப்பல் அதுவே. இன்று உலகமெங்கும் கார்களைச் சுமந்து திரியும் அடுக்குமாடிக் கட்டடம்போன்ற கப்பல்களெல்லாம் அந்தக் குலத்தின் வாரிசுகள்.

சட்டம் எப்போதும் வழக்கத்துக்குப் பின்னால்தான் வரும். 1956-இல் ஒழுங்குபடுத்தித் தொகுக்கப்பட்ட ராணுவச் சட்டநூலின் 2634-ஆம் பிரிவு, நிரந்தர மாற்றல் உத்தரவு பெற்ற படையினர் ஒருவர் தமக்கோ தம்மைச் சார்ந்தோருக்கோ பயன்படும் சொந்த வண்டி ஒன்றைச் சர்க்கார் செலவில் புதிய இடத்துக்கு அனுப்பலாம் என்று கூறியது. 1932-இல் ஆகாது என்று சாத்திய கதவு இருபத்து நான்கு ஆண்டுக்குள் இப்படி முறையாகத் திறந்தது. அனுப்பும் கப்பல் அரசாங்கத்தினுடையதாகவோ, இல்லையேல் அமெரிக்கக் கப்பலாகவோ இருக்கவேண்டும். ராணுவச் சரக்கு தேசக் கொடி பறக்கும் கப்பலில்தான் போகவேண்டும் என்று 1904 முதலே ஒரு சட்டம் இருந்துவந்தது. பிற்கால விதிகள் வண்டியின் பருமனுக்கும் ஓர் எல்லை வகுத்தன: 20 அளவை டன்.

இந்த அளவை டன் வேடிக்கையானது. இதற்கும் எடைக்கும் தொடர்பில்லை. 40 கனஅடி இடம் ஒரு டன் என்று கணக்கு. திராட்சை மதுவின் பெரும் பீப்பாய்க்கு வழங்கிய பெயரிலிருந்து டன் என்ற சொல்லே பிறந்தது; கப்பலில் எத்தனை பீப்பாய் அடங்கும் என்பதே பழைய மாலுமியின் கவலை. மரக்கலத்துக்கும் கலம் என்று பெயர், பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லளவைக்கும் கலம் என்று பெயர் என்பதை அறிந்த நமக்கு, கொள்ளளவும் கப்பலும் ஒரே சொல்லில் சந்திப்பதில் ஆச்சரியம் இராது. 1959-ஆம் ஆண்டின் வாலில் சிறகு முளைத்த காடிலாக், பதினெட்டே முக்கால் அடி நீளத்தோடு, இந்தக் கணக்கில் ஏறத்தாழ 14 டன். தராசில் ஒரு டன்கூடத் தேறாத ஃபோக்ஸ்வாகனோ 8 டன்னுக்குச் சற்று மேல். கப்பலுக்கு வலிப்பது பாரம் அன்று, அடைபடும் இடமே.

துறைமுகத்தில் வண்டியை ஒப்படைக்கும் சடங்கு காலப்போக்கில் ஒரு சம்பிரதாயமாகவே இறுகிவிட்டது. எண்ணெய்த் தொட்டியில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கலாகாது. டிக்கியில் ஜாக்கி, ஸ்டெப்னி முதலிய வண்டிக்குரிய கருவிகளைத் தவிர வீட்டுச் சாமான் வைக்கலாகாது. கடன் தீராத வண்டியானால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும். பரிசோதகர் ஒரு படிவத்தில் அச்சிட்ட காரின் உருவப்படத்தின்மேல் இருக்கிற கீறல், ஒடுக்கு, துரு ஒவ்வொன்றையும் குறித்து, சொந்தக்காரரின் கையெழுத்தை வாங்குவார். அக்கரையில் இறங்கியதும் அதே படத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு சுற்று. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது நகைகளைப் பட்டியல் எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் மனநிலையில் அதிக வித்தியாசம் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது கழுவுதல். சக்கர மறைவுகளிலும் அடிப்பாகத்திலும் ஒட்டிய மண் ஒரு பிடிகூட இருக்கக்கூடாது என்பது விதி. வீண் பிடிவாதம் என்று அலுத்துக்கொண்ட சிப்பாய்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் பெருத்த நஷ்டங்களின் பாடம் இருக்கிறது. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு ஒன்று 1941-இல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் கண்டறியப்பட்டது. முதல் உலக யுத்தம் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ராணுவத் தளவாடங்களில் ஒட்டியிருந்த மண்ணோடு அது வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 1961-இல் நம் நீலகிரியில் கண்டறியப்பட்டு, அங்குள்ள உருளைக்கிழங்குக் குடியானவர்களை இன்றுவரை வாட்டும் நூற்புழுவும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. இரண்டாவது யுத்தத்தின் முடிவில் தென் பசிபிக்கிலிருந்து ராணுவச் சரக்கோடு குவாம் தீவில் இறங்கிய பழுப்பு மரப்பாம்பு, அந்தத் தீவின் காட்டுப் பறவையினங்களுள் பெரும்பாலானவற்றை அழித்தே விட்டது. குவாமை விட்டுப் புறப்படும் சரக்கை மோப்ப நாய்கள் இன்றும் முகர்ந்து பார்த்தே அனுப்புகின்றன. வண்டியில் அழைப்பில்லாத பிரயாணிகளும் உண்டு.

வண்டி ஊருக்கு ஊர் மாறினாலும் ஊரின் விதி வண்டிக்காக மாறாது. 1975-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களின் புகைக் குழாயில் நச்சு நீக்கும் கருவி பொருத்தப்பட்டது. அதற்கு ஈயம் கலவாத பெட்ரோலே ஆகும். ஜெர்மானியச் சாலையோரங்களிலோ 1980-களின் நடுப்பகுதி வரை அது கிடைப்பது அரிது. ஆகவே அக்கருவியைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, வேறு குழாய் மாட்டி ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது மறுபடியும் பொருத்திக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஜப்பானுக்கு வரும் வண்டி 1976 மார்ச் 31-க்குப் பின் செய்ததானால் அந்நாட்டுப் புகை விதிகளுக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சி, காரை ஊரிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் போகிறவரிடமிருந்து அவ்வூர் வண்டியை மலிவாக வாங்கிக்கொள்வதே சிப்பாய்களுக்குச் சௌகரியமாயிற்று. அமெரிக்க ஆட்சியில் வலப்புறம் ஓட்டிப் பழகிய ஓகினாவா தீவு, 1978 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலையில் ஒரே மூச்சில் இடப்புறத்துக்கு மாறியபோது, ஊரிலிருந்து வந்த வண்டிகளின் திருப்புச் சக்கரம் திடீரென்று தவறான பக்கத்தில் இருப்பதாயிற்று. கொரியாவிலோ குடும்பத்தோடு வசிக்க அனுமதி பெற்றவர்க்கே பெரும்பாலும் வண்டி அனுப்ப அனுமதி. குடும்பம் எங்கே உண்டோ அங்கே வண்டி. குடும்பம் இல்லாத இடத்தில் சேனை பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் வழிப்போக்கன்தான்.

பெர்லின் சுவர் விழுந்து, சோவியத் பயம் கலைந்தபின், ஜெர்மனியிலிருந்த பாசறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிரேமர்ஹாஃபனில் கார்ல் ஷூர்ஸ் பாசறை என்று ஒன்று இருந்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் மந்திரியாக உயர்ந்த ஒருவரின் பெயர் அது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கர் அந்நகரத்தை விட்டு நீங்கினார்கள். மாற்றலாகிப் போகும் குடும்பத்தில் வண்டிதான் முதலில் விடைபெறும். கடற்பயணம் நீண்டதாகையால், அவர்கள் விமானமேறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை ஒப்படைத்துவிட வேண்டும். கடைசி நாட்களில் கையில் பையோடு வீதியில் நடந்துபோகும் அமெரிக்கப் பெண்மணியைக் கண்டால், இவர்கள் போகப்போகிறார்கள் என்று அண்டை வீட்டு ஜெர்மானியர் சொல்லாமலே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இப்போது அந்தத் துறையில் போய் நின்றால், கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். ஐரோப்பாவின் மிகப் பெரிய கார் துறைமுகங்களுள் பிரேமர்ஹாஃபனும் ஒன்று. ஆனால் அந்தக் கார்கள் இறங்க நிற்பவை குறைவு, ஏற நிற்பவை அதிகம். ஜெர்மனியில் செய்து அமெரிக்காவுக்கும் பிற தேசங்களுக்கும் விலைக்குப் போகிறவை அவை. சைக்கிளுக்கு வழியில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் நாடு, அண்ணாந்து பார்க்கவைத்தவர்களின் நாட்டுக்கு அதே கடலின் வழியே வண்டி அனுப்புகிறது. பழமொழி சொன்ன பெரியவர்கள் வண்டியையும் ஓடத்தையும் நினைக்கவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்தக் கரையில் நின்று பார்த்தால், அவர்கள் நினைத்ததும் சொன்னதும் ஒன்றேதான் என்று படுகிறது.